காணாமல் போனவர் கதையை செல்போன் கொன்றுவிட்டதா?

சத்துவாச்சாரி வாசகன் | 6.5.2025, இரவு 10.15

வேலூரில் நடக்கிற ஒரு திரில்லர் படித்துக்கொண்டிருக்கிறேன். பெயர் வேண்டாம், படிக்கப்போகிறவர்கள் சாபம் விடுவார்கள். மேற்கு வங்கத்திலிருந்து அப்பாவை சிகிச்சைக்கு அழைத்து வந்த மகன், காந்தி ரோடு லாட்ஜிலிருந்து மாயமாகிறான். மே மாதம், செவ்வாய்க்கிழமை. வரவேற்பு மேசைப் பையன் "8.40க்கு வெளியே போனார்" என்கிறான். லாட்ஜ் கேமராவில் 8.51க்குப் போகிறான். போன் அணைந்தது 8.47. அதாவது, வாசலைத் தாண்டுவதற்கு 4 நிமிடம் முன்னாலேயே போன் செத்துவிட்டது, மேசைப் பையன் வேறு 11 நிமிடம் முந்திப் பார்த்திருக்கிறான். ஆசிரியருக்கே கணக்கு தெரியவில்லை.

என் கட்சி இதுதான்: டவரும் கேமராவும் வந்த பிறகு இந்த வகைக் கதையே முடிந்தது. இந்தியாவில் செல்போன் வந்தது 1995ல். அதற்கு முந்தைய காலத்தில் வைத்து எழுதினால்தான் ஒரு ஆள் நம்பும்படியாகக் காணாமல் போக முடியும். மற்றதெல்லாம் "பேட்டரி தீர்ந்துபோச்சு" என்று ஒரு வரி போட்டுத் தப்பிக்கிற வேலை. மறுப்பு உண்டா?

காட்பாடி பென்சில் | 6.5.2025, இரவு 11.02

உண்டு. டவர் காட்டுவது சிம் இருக்கும் இடத்தை. ஆள் இருக்கும் இடத்தை அல்ல.

போலீஸ் வாங்குகிற சி.டி.ஆர். (அழைப்பு விவரப் பதிவு) தாளில் இருப்பது: அழைத்த எண், அழைக்கப்பட்ட எண், நேரம், எத்தனை விநாடி, பேச்சு தொடங்கியபோதும் முடிந்தபோதும் எந்த செல் (டவரின் ஒரு வீச்சுப் பகுதி), போனின் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ., சிம்மின் அடையாள எண்ணான ஐ.எம்.எஸ்.ஐ. அவ்வளவுதான். காந்தி ரோடு மாதிரி நெரிசலான இடத்தில் ஒரு செல் சில நூறு மீட்டர். அதற்குள் எத்தனை லாட்ஜ், எத்தனை மருந்துக்கடை, எத்தனை மெஸ்! ஒடுகத்தூர் தாண்டி ஜவ்வாது மலை அடிவாரம் போனால் அதே ஒரு செல் பல கிலோமீட்டர். வாட்ஸ்அப் அழைப்பு இந்தத் தாளில் வராது. டேட்டா பதிவு தனி. அதிலும் யாரோடு பேசினான் என்று நேரடியாக இருக்காது.

இந்தப் பதிவுகளை கம்பெனி வைத்திருக்கும் கெடு முன்பு ஓராண்டு, 2021 டிசம்பரிலிருந்து 2 ஆண்டு. கேமரா பதிவு பெரும்பாலும் 15 நாள், மிஞ்சிப்போனால் 30 நாள். ஹார்ட் டிஸ்க் நிரம்பினதும் பழசு மேல் புதுசு ஏறிவிடும். அதனால் இன்றைக்கு எழுதுகிற திரில்லரில் பதற்றம் ஊட்டுவது "எங்கே போனான்" என்கிற கேள்வி மட்டும் அல்ல, தடயம் அழிவதற்குள் யாராவது கேட்பார்களா என்பதும்தான். 1995க்கு முன்னால் இந்தக் கெடுவே கிடையாதே. கதை சாகவில்லை, கையில் கடிகாரம் கட்டிக்கொண்டிருக்கிறது.

காட்பாடி பென்சில் | 6.5.2025, இரவு 11.09

உங்கள் 8.40க்கு என் பதில்: மேசைப் பையன் பொய் சொல்கிறான். பந்தயம் வைக்கலாம்.

சத்துவாச்சாரி வாசகன் | 7.5.2025, காலை 7.30

பந்தயம் என்ன? ஆம்பூர் பிரியாணியா? எண்ணெய்க் கத்தரிக்காய் தனியா வேணும்.

காட்பாடி பென்சில் | 7.5.2025, இரவு 9.20

கத்தரிக்காய் என்றால் இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய்தான், புவிசார் குறியீடு வாங்கின காய். சரி, விஷயத்துக்கு வருவோம்.

காணாமல் போனவர் கதையைப் படிக்கிற முறை வேறு. கொலைக் கதையில் பிணம் கிடைத்த நேரத்திலிருந்து பின்னால் போகிறோம். இதில் பிணம் இல்லை, நமக்கு இரண்டே இரண்டு ஆணிகள்: கடைசியாகப் பார்த்த நேரம், புகார் கொடுத்த நேரம். கதை முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில் கட்டிய கயிற்றில் தொங்குகிறது. நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் கடைசிப் பார்வை செவ்வாய் இரவு 8.40. புகார் எப்போது?

சத்துவாச்சாரி வாசகன் | 7.5.2025, இரவு 9.41

வியாழக்கிழமை நண்பகல் 12. கொடுத்தது மச்சான், அக்கா புருஷன். செவ்வாய் இரவு ரயிலில் வந்து 9.05க்குக் காட்பாடியில் இறங்கி, ஆட்டோ பிடித்து லாட்ஜுக்கு வந்தவன்.

காட்பாடி பென்சில் | 7.5.2025, இரவு 10.30

39 மணி 20 நிமிடம். அந்த இடைவெளிக்கு யார் கணக்குச் சொல்கிறார்கள், யார் சொல்லவில்லை என்று பாருங்கள்.

செய்முறை: புத்தகத்தின் கடைசி வெற்றுப் பக்கத்தில் பென்சிலால் நான்கு பத்தி. முதலில் நேரம். அடுத்து, அந்த நேரத்தைச் சொன்னது யார். மூன்றாவது, அவர் அதை எதை வைத்துச் சொல்கிறார் (கைக்கடிகாரமா, போனா, டிவி செய்தியா, குத்துமதிப்பா). நான்காவது, பக்க எண். மூன்றாவது பத்திதான் உயிர். பெரும்பாலோர் நேரத்தையும் ஆளையும் மட்டும் எழுதிவிட்டு 200ஆம் பக்கத்தில் முழிப்பார்கள். "பார்த்தேன்" என்பதற்குப் பக்கத்தில் நேர்க்கோடு, "பார்த்ததாகச் சொன்னார்கள்" என்பதற்கு வளைகோடு. பேனா வேண்டாம். முக்கால் புத்தகத்தில் பாதி வரியை அழிக்க வேண்டிவரும்.

மூன்றில் இரண்டு பங்கு வந்ததும் புத்தகத்தை மூடி, ஆள் யார் என்று ஒரு பெயரும் ஏன் என்று ஒரு வரியும் எழுதுங்கள். பெயர் மட்டும் எழுதினால் அது ஜோசியம்.

காட்பாடி பென்சில் | 7.5.2025, இரவு 10.44

விட்டுப்போனது. மச்சான் ரயிலில் வந்ததற்கு அத்தாட்சி டிக்கெட்டா? டிக்கெட் என்பது வாங்கினதற்குத்தான் சாட்சி, பயணித்ததற்கு இல்லை. முன்பதிவுப் பெட்டி என்றால் டிக்கெட் பரிசோதகர், அதாவது டி.டி.இ. கையில் இருக்கும் கருவியில் ஆள் வந்தாரா இல்லையா என்று குறிப்பு இருக்கும். ரயில் உண்மையில் எத்தனை மணிக்கு வந்தது என்பதும் ரயில்வேயிடம் இருக்கும். இரண்டையும் ஆசிரியர் கொடுத்திருக்கிறாரா?

சத்துவாச்சாரி வாசகன் | 8.5.2025, காலை 6.50

இரண்டும் இருக்கு. டி.டி.இ. குறித்திருக்கிறார், ரயில் 9.05க்கேதான் வந்தது. மச்சான் லாட்ஜ் வாசலில் நுழைவது கேமராவில் 9.30. ஸ்டேஷனிலிருந்து 25 நிமிடம், சரியாத்தான் இருக்கு. மச்சானை விடுங்க, நல்ல மனுஷன்.

ஆரணிக்காரி | 8.5.2025, மதியம் 2.10

குறுக்கே வருகிறேன். அந்த நாவலை நானும் படித்திருக்கிறேன், முடிவைச் சொல்லமாட்டேன். அதில் எஸ்.ஐ. "24 மணி நேரம் ஆகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்பாரே, அது உங்கள் இருவர் கண்ணிலும் படவில்லையா? அப்படி ஒரு விதி நம் சட்டத்தில் எங்கேயும் கிடையாது. வெளிநாட்டுப் படம் பார்த்து வந்த வசனம்.

இரவல் வாங்குவது புதிதில்லை. எங்கள் ஊர் ஆரணி குப்புசாமி முதலியார் 100 வருஷத்துக்கு முன்னாலேயே ஆங்கிலத் துப்பறியும் கதைகளுக்குத் தமிழ்ப் பெயரும் தமிழ் ஊரும் மாட்டி நாவல் நாவலாக எழுதினார். அவர் ஊரையும் பேரையும் மாற்றினார். இவர்கள் ஊரை மாற்றிவிட்டு போலீஸை மாற்ற மறந்துவிடுகிறார்கள்.

காட்பாடி பென்சில் | 8.5.2025, இரவு 8.55

ஆரணி அம்மா சொல்வது சரி. புகார் வந்தால் எப்.ஐ.ஆர். போட்டே ஆகவேண்டும் என்று 2013ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எந்த நாவலில் எஸ்.ஐ. 24 மணி நேரம் கேட்டாலும் இரண்டில் ஒன்று: ஆசிரியர் விசாரிக்காமல் எழுதியிருக்கிறார், அல்லது எஸ்.ஐ. யாரையோ காப்பாற்றுகிறார். இரண்டாவது என்றால் பென்சிலில் குறிக்கணும்.

காட்பாடி பென்சில் | 9.5.2025, காலை 6.15

நேற்று எழுதியதைத் திருத்துகிறேன். அந்தத் தீர்ப்பு, புகாரில் பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் தெரிந்தால் உடனே எப்.ஐ.ஆர். என்கிறது. வயது வந்த ஒருவர் வீட்டுக்கு வரவில்லை என்பது மட்டுமே குற்றம் ஆகாது. ஆனாலும் தமிழ்நாட்டில் "மேன் மிஸ்ஸிங்", "உமன் மிஸ்ஸிங்", "கேர்ள் மிஸ்ஸிங்" என்று தலைப்புப் போட்டு எப்.ஐ.ஆர். பதிவது நடைமுறையில் உண்டு. சிறுவர் சிறுமியர் என்றால் கதை வேறு. கடத்தல் என்றே எடுத்துக்கொண்டு வழக்குப் பதியவேண்டும் என்பது அதே 2013ல் வந்த இன்னொரு உச்ச நீதிமன்ற உத்தரவு.

நாவலில் கவனிக்க: முதலில் கையில் கொடுப்பது சி.எஸ்.ஆர். ரசீதா, எப்.ஐ.ஆர். நகலா? சி.எஸ்.ஆர். என்றால் மனு பெற்றுக்கொண்டோம் என்று மட்டும் அர்த்தம். நல்ல எழுத்தாளர் இந்த இரண்டு காகிதத்துக்கும் நடுவில் மூன்று அத்தியாயம் ஓட்டுவார். பிறகு வழக்கு யார் எல்லை? காட்பாடி நடைமேடையில் நடந்தால் ரயில்வே போலீஸ். ஆர்.பி.எப். வேறு, அது ரயில்வே சொத்தையும் பயணிகளையும் காவல் காப்பது, கொலை வழக்கை நடத்துவது இல்லை. பாதி நாவல்களில் இது குழம்பியிருக்கும். ஸ்டேஷன் வாசலைத் தாண்டினால் ஊர் போலீஸ். குற்றம் என்று தெரிந்தால் எந்த ஸ்டேஷனிலும் எப்.ஐ.ஆர். பதிந்து உரிய இடத்துக்கு அனுப்பலாம், 1.7.2024 முதல் புதிய சட்டத்தில் அது எழுத்திலேயே இருக்கிறது. அதற்குப் பிறகு நடக்கிற கதையில் "இது எங்க லிமிட் இல்ல" என்று ஒருவர் கைவிரித்தால் அதுவும் ஒரு தடயம்.

ஆட்கொணர்வு மனு: சட்டவிரோதமாக யாரோ அடைத்துவைத்திருப்பதாகக் காட்டவேண்டும். காணவில்லை என்பதற்காக மட்டும் உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொள்ளாது. நாவலில் வக்கீல் அந்த மனுவைப் போடுகிறார் என்றால், குடும்பத்தில் யாருக்கோ ஆள் உயிரோடு, யார் பிடியில் என்று தெரியும். மனுவில் எதிர்மனுதாரராக யார் பெயர் இருக்கிறது என்று படியுங்கள்.

ஆரணிக்காரி | 9.5.2025, காலை 10.40

லாட்ஜ் பதிவேட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த ஆள் மேற்கு வங்கம், அதனால் ஓர் அடையாள அட்டை போதும். டாக்காவிலிருந்து வந்தவன் என்று ஆசிரியர் வைத்திருந்தால் 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் தங்கியிருக்கிறார் என்று லாட்ஜ் அரசுக்குப் படிவம் அனுப்பியாகவேண்டும். அங்கே உண்மையிலேயே ஒரு 24 மணி நேரம் இருக்கிறது! வேலூரில் ஆஸ்பத்திரியைச் சுற்றி இந்தி, வங்காளப் பெயர்ப்பலகை தொங்குகிற தெருக்களை வைத்து எழுதுகிறவருக்கு இதைவிடப் பெரிய சொத்து கிடையாது. கோட்டையையும் ஜலகண்டேஸ்வரரையும் காட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

சத்துவாச்சாரி வாசகன் | 9.5.2025, இரவு 11.50

கோட்டையும் வந்துவிட்டது. காணாமல் போன ஐந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, அகழியில் ஒரு பிணம். அக்கா முகத்தைப் பார்த்து "என் தம்பிதான்" என்று கதறுகிறாள். அப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில். தூக்கம் வரவில்லை.

காட்பாடி பென்சில் | 10.5.2025, காலை 5.50

தூங்குங்கள். அக்கா சொன்னதை வளைகோட்டில் எழுதுங்கள்.

வேலூர் மே மாதம், 40 டிகிரியைத் தாண்டும் வெயில். பிணம் விறைப்பது இந்தச் சூட்டில் 1-2 மணி நேரத்தில் தொடங்கும், 18லிருந்து 36 மணிக்குள் தளர்ந்துவிடும். வயிற்றின் வலது கீழ்ப்பக்கம் பச்சை நிறம் 12-18 மணியில். தண்ணீரில் மூழ்கின உடல் கோடையில் ஒரு நாளைக்குள்ளேயே மிதக்கும், குளிர்காலம் என்றால் 2-3 நாள். தண்ணீரில் அழுகல் காற்றில் இருப்பதைவிட மெதுவாகத்தான், பாதி வேகம் என்பது பழைய கணக்கு. அதை வைத்துக்கொண்டாலும் ஐந்து நாளில் முகம் உப்பி, உதடு தடித்து, தோல் உரிந்திருக்கும். கூடப் பிறந்தவளே ஆனாலும் முகத்தை வைத்து அடையாளம் சொல்வது நம்பத்தக்கது இல்லை.

இரண்டாவது கேள்வி: நாலு பக்கமும் ஜனம் நடக்கிற அகழியில், ஒரு நாளில் மிதக்க வேண்டியது ஐந்து நாள் யார் கண்ணிலும் படாமல் எப்படி இருந்தது? கல் கட்டியிருக்கணும், அல்லது அது சனிக்கிழமை வாக்கில் விழுந்த வேறு உடல்.

பார்க்க வேண்டியவை: பல், பழைய எலும்பு முறிவு, அறுவைத் தழும்பு, பெற்றோரோடு ஒப்பிட்ட டி.என்.ஏ. நம் ஊரில் இதற்குப் பாடமே 1952 ஆளவந்தார் வழக்கு. சென்னையில் பேனா வியாபாரி காணாமல் போனார் என்று தொடங்கியது. தலையில்லா உடல் டிரங்குப் பெட்டியில் ரயிலேறி மானாமதுரையில் கிடைத்தது, தலை ராயபுரம் கடற்கரையில். இரண்டையும் ஒரே ஆள் என்று சேர்த்தது தடயவியல். 73 வருஷத்துக்கு முந்தின வேலை! இன்றைய நாவலில் "சட்டையைப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள்" என்று எழுதினால் கோபம் வராதா?

காட்பாடி பென்சில் | 10.5.2025, மதியம் 1.30

ஏன் அவசரமாக அடையாளம் காட்டுகிறார்கள்? இன்ஷூரன்ஸ் இருக்கிறதா கதையில்?

சத்துவாச்சாரி வாசகன் | 10.5.2025, மதியம் 1.42

பக்கம் 140ல் ஒரு பிரீமியம் ரசீது. எப்படிக் கண்டுபிடித்தீர்கள்!

காட்பாடி பென்சில் | 10.5.2025, மாலை 6.05

அப்போ முடிந்தது. காரணம் இதோ. ஒருவரைப் பற்றி 7 வருஷம் எந்தத் தகவலும் இல்லையென்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று நிரூபிக்கிற பொறுப்பு அப்படிச் சொல்கிறவர் தலையில் விழும். பழைய சாட்சியச் சட்டம் 108ஆம் பிரிவு, புதிய சட்டத்திலும் தொடர்கிறது. ஆனால் செத்துவிட்டார் என்று கொள்ளலாமே தவிர, என்றைக்குச் செத்தார் என்று கொள்ள முடியாது. 2004ல் எல்.ஐ.சி. வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. அதனால் காணாமல் போனதும் பிரீமியத்தை நிறுத்தினால் பாலிசி காலாவதி ஆகிவிடும், 7 வருஷம் கழித்துக் கோர்ட்டுக்குப் போனாலும் பணம் வராது. நீதிமன்றத் தீர்ப்பு வரும்வரை யாராவது கட்டிக்கொண்டே இருக்கவேண்டும். பிணம் கிடைத்துவிட்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

ஆகவே: காணாமல் போனவருக்கு யார் பிரீமியம் கட்டுகிறாரோ அவரைப் பிடியுங்கள். ரசீதில் யார் பெயர்?

சத்துவாச்சாரி வாசகன் | 10.5.2025, மாலை 6.20

அப்பா பெயர். அது அப்பாவின் மருத்துவக் காப்பீடு.

ஆரணிக்காரி | 10.5.2025, மாலை 6.24

இன்னாபா பென்சிலு, முனை ஒடிஞ்சிச்சா?

காட்பாடி பென்சில் | 10.5.2025, இரவு 7.15

ஒடிஞ்சுது. ரசீது என்றதும் ஆயுள் காப்பீடு என்று நானே முடிவுகட்டிவிட்டேன். மூன்றாவது பத்தியை நிரப்பாமல் எழுதினால் இதுதான் கதி. சட்டம் சரி, இந்தக் கதைக்குப் பொருந்தவில்லை.

ஆரணிக்காரி | 10.5.2025, இரவு 8.30

நீங்கள் மூன்றாவது பத்தியை நிரப்பாத இன்னொரு இடமும் இருக்கிறது. கேமரா நேரம் 8.51 என்கிறீர்கள். அது எந்தக் கடிகாரம்?

பொதுவாகச் சொல்கிறேன், கதையைத் தொடவில்லை. கேமரா பதிவு சேருகிற டி.வி.ஆர். பெட்டியின் கடிகாரத்தை மாட்டுகிற பையன் கையால் வைத்துவிட்டுப் போவான். இணையத்தோடு இணைக்கவில்லை என்றால் மாதத்துக்குச் சில நிமிடம் முந்தவும் செய்யும், பின்தங்கவும் செய்யும். பெட்டியைக் கைப்பற்றும்போது இன்ஸ்பெக்டர் தன் போன் நேரத்தையும் திரை நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, வித்தியாசத்தை மகஜரில் (சாட்சிகள் முன் எழுதுகிற கைப்பற்றல் பதிவு) எழுதவேண்டும். எழுதாத மகஜரை வைத்துக்கொண்டு குறுக்கு விசாரணையில் வக்கீல் விளையாடுவார். போன் அணைந்த 8.47 நெட்வொர்க் நேரம், அதை நம்பலாம்.

1929ல் இங்கிலாந்தில் ஒரு பாதிரியார் துப்பறியும் கதைக்கு 10 கட்டளை எழுதினார். அதில் ஒன்று, துப்பறிபவர் கையில் கிடைக்கிற தடயம் உடனே வாசகர் கையிலும் கிடைக்கணும். இந்த ஆசிரியர் அதை மீறவில்லை. மின்வெட்டு எங்கே வருகிறது என்று தேடுங்கள்.

சத்துவாச்சாரி வாசகன் | 11.5.2025, அதிகாலை 1.05

பக்கம் 37. லாட்ஜ் கூடத்து டிவியில் 8 மணிச் செய்திக்கு இசை தொடங்குகிற நேரத்தில் தெரு முழுக்க கரன்ட் போகிறது. பக்கம் 88ல் போலீஸ் கேமராவைப் பார்க்கிறது, பதிவு 8.11க்கு அறுந்து பிறகு தொடர்கிறது என்று போகிறபோக்கில் ஒரு வரி. நான் அதை "சும்மா விவரணை" என்று தாண்டிவிட்டேன்.

காட்பாடி பென்சில் | 11.5.2025, காலை 5.35

கேமரா கடிகாரம் 11 நிமிடம் வேகம். கரன்ட் வந்த பிறகு தேதி பழைய வருஷத்துக்குத் தாவியதாக எழுதியிருக்கிறதா? அப்படி என்றால் உள்ளே இருக்கிற பொத்தான் பேட்டரி செத்தது, 8.51ஐ வைத்து எதுவும் சொல்ல முடியாது.

சத்துவாச்சாரி வாசகன் | 11.5.2025, காலை 7.10

இல்லை. தேதி ஒழுங்காகவே ஓடுகிறது.

காட்பாடி பென்சில் | 11.5.2025, காலை 7.22

அப்போ 8.51 என்பது 8.40. மேசைப் பையன் ஒரு நிமிடம்கூடத் தப்பாகச் சொல்லவில்லை. போன் அணைந்தது வெளியே வந்து 7 நிமிடம் கழித்து, தெருவில். ஆசிரியருக்குக் கணக்கு நன்றாகத்தான் தெரிந்திருக்கிறது. பிரியாணி என் செலவு.

அதே கேமராவில் இன்னொருவரும் வந்தாரே.

சத்துவாச்சாரி வாசகன் | 11.5.2025, காலை 7.31

மச்சான் 9.30. அப்படியென்றால் 9.19. ரயில் 9.05.

14 நிமிடத்தில் நடைமேடைப் படி ஏறி இறங்கி, ஆட்டோ பேரம் பேசி, பாலாற்றுப் பாலம் தாண்டி, கிரீன் சர்க்கிள் நெரிசலைத் தாண்டி, 7 கிலோமீட்டர் காந்தி ரோடு வரைக்கும்? டி.டி.இ. குறித்திருக்கிறாரே, ரயிலில் ஏறினது உண்மைதானே?

காட்பாடி பென்சில் | 11.5.2025, காலை 7.48

ஏறினது உண்மை. குறித்தது எந்த ஸ்டேஷன் தாண்டி என்று பாருங்கள். வடக்கேயிருந்து வருகிற ரயில் காட்பாடிக்கு முன்னால் வேறெங்கும் நிற்காதா என்ன?

ஆரணிக்காரி | 11.5.2025, காலை 7.50

போதும், இதற்கு மேல் எழுதாதீர்கள். இன்னும் படிக்காதவர்கள் இருக்கிறார்கள்.

சத்துவாச்சாரி வாசகன் | 11.5.2025, இரவு 10.20

முடித்துவிட்டேன். அகழிப் பிணம் யார் என்பது வரைக்கும் தெரிந்துவிட்டது, சொல்லவில்லை. இரண்டு விஷயம். ஒன்று, 1995 பற்றிய என் கட்சியை வாபஸ் வாங்குகிறேன். இரண்டு, பென்சில் முறையில் எனக்கு ஒரு குறை: முதல் 100 பக்கம் கணக்கெழுதிக்கொண்டே படித்ததில் அந்த அப்பா கட்டிலில் படுத்தபடி மகன் எங்கே என்று ஒவ்வொருவரிடமும் வங்காளத்தில் கேட்கிற இடம் எனக்குள் இறங்கவே இல்லை. இரண்டாம் தடவை படித்தபோதுதான் தொண்டை அடைத்தது.

காட்பாடி பென்சில் | 12.5.2025, காலை 6.00

நியாயம். திருத்தம்: முதல் மூன்றில் ஒரு பங்கு பென்சில் இல்லாமல் படியுங்கள். பிறகு திரும்பி வந்து நேரங்களை மட்டும் பொறுக்குங்கள், 20 நிமிடம் ஆகும். இந்த நாவலில் மொத்தம் எத்தனை நேரக்குறிப்பு வந்தது?

சத்துவாச்சாரி வாசகன் | 12.5.2025, காலை 8.12

31. அதில் 9 குத்துமதிப்பு. கத்தரிக்காயை மறக்காதீங்க.